பெரிய வெள்ளிக்கு ஒரு மின்சாரக் கிற்றார்

யேசு மரி சூசை

நெடுந்தீவு,
18.09.1978

அன்பிற்குரிய தம்பி அம்புறோசுக்கு,

உமது தமக்கை அல்போன்சம்மா வரைவது. சர்வேசுரனின் தயவால் இவ்விடம் கூரையும் கிணறும் தையல் இயந்திரமும் நானும் குறைவின்றி இருக்கிறோம். கொழும்பில் நீரும் கிறேசும் குழந்தையும் தேகசுகத்துடன் இருப்பதை உமது கையெழுத்திலேயே காண விரும்புகிறேன்.

விடயத்திற்கு வருகிறேன். சென்ற மாதம் ஊர்காவற்றுறைப் பெருநாளுக்குச் சென்றிருந்தேன். அங்கே யாழ்ப்பாணத்து இசைக்குழு ஒன்று மின்சாரக் கிற்றார் வாசித்தது. நீர் கண்டிருப்பீர்: பலகைபோல் தட்டையானது, வயிற்றில் துளை கிடையாது, மேற்புறம் ஆட்டுக்குட்டிக்குப்போல் இரண்டு கொம்புகள். அதன் ஓசை ஒலிபெருக்கியில் எழுந்தபோது சனங்கள் காதைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். நானோ அந்தப் பெட்டிக்கு நேர்முன்னால் போய் நின்றேன். ஒவ்வொரு சுரமும், கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள்போல், தனித்தனியே எனக்குத் துலங்கிற்று.

அத்தகையதொன்று எனக்கு வேண்டும். எங்கள் கோயிற் பாடகர் குழு பெருகிவிட்டது. பிள்ளைகளின் ஆரவாரத்தில் என் பழைய மரக்கிற்றாரின் ஓசை அமிழ்ந்துபோகிறது. மேலும், இவ்வூரார் இப்பொழுதெல்லாம் வாய்க்குள்ளேயே பேசப் பழகிவிட்டார்கள். பாடும்போதும் அப்படியே. இது புது நாகரிகமோ, நானறியேன்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான், புத்தகத்தைப் பார்த்து விரல் பழகி, இன்று, ஆண்டவர் மரித்த பெரிய வெள்ளியின் வியாகுலப் பாடல்களுக்கு முதலடி எடுத்துக் கொடுப்பவளாய் இருக்கிறேன் என்பது நீர் அறியாததன்று. அந்தக் கடமைக்கு ஏற்ற கருவி இது. தையலில் மிச்சம் பிடித்ததைச் கொழும்புக்குப் போய்வரும் சிவபாதத்தாரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

கிறேசுக்கு என் அன்பையும் குழந்தைக்கு ஒரு முத்தத்தையும் சேர்ப்பியும்.

இங்ஙனம்,
அல்போன்சம்மா

---

கொழும்பு 13,
02.10.1978

அன்பான அக்கா,

கடிதம் கிடைச்சுது. நாங்கள் மூண்டு பேரும் சுகம். பிள்ளைக்குப் பல் முளைக்குது, அதால வீட்டில ஒருத்தருக்கும் நித்திரையில்லை. உங்கட சுகத்தை எழுதுங்கோ, கூரையின்ர சுகத்தை இல்லை. நான் கதைக்கிற மாதிரித்தான் எழுதுவன். சிவப்பு மையால பிழை திருத்தித் திருப்பி அனுப்பிப் போடாதேங்கோ.

அக்கா, மின்சாரக் கிற்றாருக்கு முதல்ல என்ன வேணும் எண்டு யோசிச்சியளோ? மின்சாரம்! நெடுந்தீவில எங்கட பக்கத்துக்கு எப்ப அக்கா கறன்ற் வந்தது? அந்தக் கிற்றாரில கறன்ற் இல்லாட்டிச் சத்தமே வராது. கம்பி கட்டின பலகைதான். வாங்கி வைச்சு மீன் வெட்டப் போறியளோ? கிறேஸ் சிரிச்சுச் சிரிச்சுப் பிள்ளையை எழுப்பிப் போட்டாள்.

இன்னொண்டு கேக்கவேணும். ஆவணியில நான் வந்து நிக்கேக்க, கிணத்தடியில உங்களுக்குப் பின்னால நிண்டு எத்தினை தரம் கூப்பிட்டனான். நீங்கள் திரும்பவேயில்லை. என்னில ஏதும் கோவமோ? அண்டைக்குக் கேக்க வெக்கமாய்க் கிடந்தது, அதுதான் இப்ப கேக்கிறன்.

பெரியவைக்கெல்லாம் என்ர வணக்கம்.

தம்பி,
அம்புறோஸ்

---

யேசு மரி சூசை

நெடுந்தீவு,
20.10.1978

அன்பிற்குரிய தம்பிக்கு,

உமது மடல் கண்டேன். குழந்தையின் ஈறுக்குத் தேன் தடவும்படி கிறேசுக்குச் சொல்லும். உமது எழுத்துநடைக்கு மருந்து நானறியேன்.

மின்சாரம் வேண்டும் என்ற உண்மையை எனக்குக் கற்பித்தமைக்கு நன்றி. எங்கள் வல்லிபுரத்தாரிடம் மோட்டார்ப் பற்றறியில் இயங்கும் ஒலிபெருக்கிச் செற் ஒன்று இருக்கிறது. கலியாண வீட்டுக்கும் அம்மன் கோயிலுக்கும் எங்கள் பெருநாளுக்கும் அவரே வந்து பாட்டுப் போடுவார். அதனுடன் கிற்றாரை இணைக்கலாம் என்று விசாரித்தே உமக்கு எழுதினேன். விசாரியாமல் எதையும் நான் எழுதுவதில்லை.

கிணற்றடியில் நான் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். செபத்தில் இருப்பவள் கூப்பிட்டவுடன் திரும்புவதில்லை.

றோசம்மாவை உமக்கு நினைவிருக்கும். அந்தோனியம்மாவின் மகள், குழுவில் முன்வரிசையில் நிற்பவள். நல்ல குரல், அதைப் பழக்கியவளும் நானே. சென்ற ஞாயிறு அவள் எல்லோர் முன்னிலையிலும், "அக்கா களைச்சுப் போனா. பெரிய வெள்ளிப் பாட்டை இந்த முறை நான் எடுக்கிறன்" என்றாளாம். நான் அருகில்தான் நின்றேன். பிறர் வந்து சொல்லித்தான் அறிந்தேன்.

தம்பி, அந்த முதலடி என்னிடமிருந்து போய்விட்டால் இந்தத் தீவில் நான் யார்? ஊராரின் சட்டைக்குப் பொத்தான் தைக்கும் ஒரு தனிமனுஷி. பெரிய வெள்ளிக்கு முந்திய தவசு காலம் தொடங்குமுன் கிற்றார் என் கைக்கு வந்தாகவேண்டும். கெஞ்சுவது என் வழக்கமன்று. ஆயினும் இதைக் கெஞ்சலாகவே கொள்ளும்.

மூவருக்கும் தேவதாயின் காவல் உண்டாவதாக.

அல்போன்சம்மா

---

கொழும்பு 13,
04.12.1978

அன்பான அக்கா,

மழையும் தடிமனும் மூக்கடைப்புமாய்க் கிடக்கிறம், மற்றும்படி சுகம். அங்க கடல் எப்பிடி? லாஞ்சி ஓடுதோ?

கிற்றார் கிடைச்சிட்டுது! ஒரு கப்பல்காரப் பெடியன் சிங்கப்பூரில வாங்கிவந்து வைச்சிருந்தவன். அமெரிக்காவில செய்யிற பேர்போன கிற்றாரின்ர யப்பான் கொப்பி. கொம்பு, வளைவு, மூண்டு காந்தம், எல்லாம் அச்சு அசல். நடு மஞ்சள், ஓரம் கறுப்பு. உண்மையான அமெரிக்கன் சாமானெண்டால் என்னையும் கிறேசையும் சேர்த்து வித்தாலும் காணாது.

எங்கட மேல்மாடியில ஒரு பறங்கிக் கிழவர் இருக்கிறார். ஒரு காலத்தில ஹோட்டல் பாண்டில வாசிச்சவர், இப்ப சாராயப் போத்திலுக்குத்தான் வாசிக்கிறார். அவரிட்டக் காட்டினனான். தட்டினார், மூக்கை வைச்சு மணந்தார், ஒரு கண்ணை மூடி நீட்டாய்ப் பாத்தார். "பேரிலதான் பொய், மரத்தில பொய்யில்லை" எண்டார். கம்பி எல்லாம் புதுசு போட்டுத் தந்தார். உப்புக்காத்துப் பட்டால் தண்டு வளையும், வளைஞ்சால் எழுதச் சொன்னவர்.

பிள்ளையின்ர மெத்தைக்குள்ள சுத்தி, சிவபாதத்தாரோட ரயிலில விடுறன். மெத்தையைத் திருப்பி அனுப்புங்கோ, பிள்ளை சீமெந்தில படுக்குது.

நத்தார் வாழ்த்தும் சேர்த்து,
தம்பி அம்புறோஸ்

---

யேசு மரி சூசை

நெடுந்தீவு,
11.01.1979

அன்பிற்குரிய தம்பிக்கு,

புத்தாண்டு உமது இல்லத்தை ஆசீர்வதிப்பதாக. தடிமன் விட்டதா? குழந்தையின் மெத்தை இம்மடலுடன் திரும்பி வருகிறது. உறையைத் துவைத்து, கிழிந்த மூலையைத் தைத்திருக்கிறேன்.

கடல் கொந்தளிப்பினால் லாஞ்சி பல நாள் ஓடவில்லை. நத்தார் கழிந்தபின்னரே கிற்றார் வந்து சேர்ந்தது. அவிழ்த்தபோது, இத்தனை அழகான பொருள் இவ்வீட்டிற்குள் முன்னெப்போதும் வந்ததில்லை என்று எண்ணினேன். பின்னர் விரலை வைத்தேன். கம்பிகள் தண்டிலிருந்து வெகுவாக எழும்பி நிற்கின்றன. மேற்பகுதியில் அழுத்த, விரல் நுனி பிளக்கிறது. தண்டு வில்லாகிவிட்டது போலும். கூட வந்த வளைந்த சாவியால் தலைப்பக்கத்துத் திருகை முறுக்கினேன். எந்தப் பக்கம் முறுக்குவது என்று எவரையும் கேட்க மனம் வரவில்லை. வளைவு கூடிற்று. மிக மெல்லிய கம்பி அறுந்து என் கன்னத்தைக் கீறிவிட்டது.

மேல்மாடிப் பெரியவரிடம் இரண்டு கேள்விகள் கேட்டு எழுதும். ஒன்று, தண்டை நேராக்கும் முறை. மற்றது, ஓசையைக் கேளாமல், கண்ணால் மட்டும் பார்த்துச் சுருதி சேர்க்கும் உபாயம் ஏதும் உண்டா? இங்கே வாடைக்காற்றின் இரைச்சல் அதிகம். அதனாலேயே கேட்கிறேன். வேறு காரணம் இல்லை.

விரைந்து எழுதும். தவசு காலம் நெருங்குகிறது.

அல்போன்சம்மா

---

கொழும்பு 13,
24.01.1979

அன்பான அக்கா,

சுகம். மெத்தை வந்தது, பிள்ளையைவிட நான் சந்தோசப்பட்டனான். கன்னத்துக் காயம் மாறிட்டுதோ?

கிழவர் சொல்லுறார்: தண்டுக்குள்ள ஒரு இரும்புக் கம்பி ஓடுதாம். திருகை வலப்பக்கம் முறுக்கினால் தண்டு நிமிரும், இடப்பக்கம் எண்டால் வளையும். ஒரேயடியாய் முறுக்கக் கூடாது. கால் சுத்து முறுக்கிப்போட்டு ஒரு நாள் விடவேணும், மரம் யோசிக்கவேணுமாம். பிறகு ஒவ்வொரு கம்பிக்கும் அடியில ஒரு குட்டிச் சேணம் மாதிரிக் கிடக்கு, அதில ரெண்டு சின்னத் திருகு. அதை இறக்கினால் கம்பி இறங்கும். மெல்லிய கம்பி ரெண்டு இதோட வைச்சிருக்கிறன்.

மற்றக் கேள்வியைக் கேட்டோண்ண கிழவர் போத்திலை வைச்சிட்டு என்னைப் பாத்தார். "கண்ணால சுருதி சேர்க்கக் கேக்கிறவைக்குக் காத்துப் பிரச்சினை இல்லை, காதுப் பிரச்சினை" எண்டார்.

அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. நெடுந்தீவில வாடை எப்ப அடிக்கேல்லை? அப்பரும் அம்மாவும் அந்தக் காத்துக்குள்ளதானே கதைச்சவை? கிணத்தடி செபம், வாய்க்குள்ள கதைக்கிற சனம், எல்லாத்தையும் நான் இப்ப வேற மாதிரி வாசிக்கிறன். இங்க வாங்கோ. நல்ல டொக்டரிட்டக் காட்டுவம்.

பதில் போடுங்கோ.

அம்புறோஸ்

---

கொழும்பு 13,
26.02.1979

அன்பான அக்கா,

சுகமோ? ஒரு மாதமாய் உங்களிட்ட இருந்து ஒண்டுமில்லை. நான் எழுதினது பிழையெண்டால் ஏசி எழுதுங்கோ. உங்கட செந்தமிழில எவ்வளவும் ஏசுங்கோ, நான் வாங்கிறன். எழுதாமல் மட்டும் இருக்காதேங்கோ. கிறேஸ் ஒவ்வொரு நாளும் தபால்காரனைப் பாத்துக்கொண்டு நிக்கிறாள்.

அம்புறோஸ்

---

யேசு மரி சூசை

நெடுந்தீவு,
12.03.1979

தம்பிக்கு,

மூவரும் நலமென்று நம்புகிறேன். என் நலம் பற்றி இம்முறை மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஊர் முழுவதும் அறிந்ததை என் உடன்பிறப்பு அறியாதிருப்பது முறையன்று.

எனக்குக் காது கேட்பதில்லை. வருடக்கணக்காகக் குறைந்து வந்தது. அருகில் வந்து கத்தினால் கேட்கும். மற்றப்படி, வாயசைவைப் பார்த்து அறிந்துகொள்வேன். கடல் சூழ்ந்த தீவில் இருந்துகொண்டு நான் கடலைக் கேட்டு வெகுகாலமாயிற்று. ஆனால் என் குரல் மட்டும் என் தலைக்குள் கோயில் மணிபோல் முழங்குகிறது. அதைச் சுற்றி எதுவுமில்லை. இது எத்தகைய தண்டனை என்பதை எழுத என்னிடம் சொற்கள் இல்லை. சொற்கள் இல்லையென்று நான் எழுதுவது இதுவே முதல் தடவை.

தவசு காலத்தின் முதல் வெள்ளியன்று பயிற்சிக்கு வல்லிபுரத்தார் தமது செற்றைக் கொண்டுவந்து கிற்றாரை இணைத்துத் தந்தார். ஒலியை உச்சத்துக்குத் திருப்பினேன். கேட்டது, தம்பி! கம்பிகளை ஒன்றுக்கொன்று பொருத்தமாகச் சுருதி சேர்த்தேன். வியாகுலப் பாடலைத் தொடங்கினேன். என் குரலும் என் கிற்றாரும் ஒன்றோடொன்று இழைந்து ஓடின. கண்ணை மூடிக்கொண்டு நான்கு சரணம் பாடினேன். என் வாழ்நாளின் மிகச் சிறந்த பயிற்சி இதுவென்று எண்ணினேன்.

பங்குச் சுவாமியாரின் கை வந்து கம்பிகளை அமர்த்திற்று. கண் திறந்தேன். ஒருவரும் பாடவில்லை. முதற் சரணத்திலேயே நிறுத்திவிட்டார்களாம். ஆர்மோனியம் ஒரு சுருதி, நான் வேறொரு சுருதி. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். வல்லிபுரத்தாரின் வாய், "பிள்ளை, நிப்பாட்டு, நிப்பாட்டு" என்று அசைந்தது. றோசம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். அவள் சிரிப்பும் எனக்குக் கேட்கவில்லை. தோள்கள்தான் தெரிந்தன.

சுவாமியார் நல்லவர். பலகையில் எழுதிக் காட்டினார்: பெரிய வெள்ளிப் பாடல்களை றோசம்மா எடுக்கட்டும், நீர் ஓய்ந்திரும்.

அன்று முதல் நான் கோயிலுக்குப் போகவில்லை. வீட்டுப் படலையையும் திறப்பதில்லை. தைக்கத் தந்த துணிகளை வேலிக்கு மேலால் கொடுக்கிறேன். கிற்றாரைச் சாக்கில் கட்டிவிட்டேன். அடுத்த லாஞ்சியில் அனுப்புகிறேன். எவருக்கேனும் விற்றுவிடும். எனக்கு இனி எதுவும் வேண்டாம்.

கிறேசை எனக்காக ஒரு செபமாலை சொல்லச் சொல்லும்.

அல்போன்சம்மா

---

கொழும்பு 13,
20.03.1979

என்ர அக்கா,

கடிதத்தை வாசிச்சுப்போட்டு வேலைக்குப் போகேல்லை. கிறேஸ் செபமாலை சொன்னவள், நான் பக்கத்தில இருந்தனான்.

கிற்றாரை அனுப்பாதேங்கோ. இது உங்களுக்காகச் சொல்லேல்லை, கிற்றாருக்காகச் சொல்லுறன். கிழவர் சொல்லுறார், தண்டு வளைஞ்சபடி சாக்கில கட்டினால் பிறகு ஒருநாளும் நிமிராதாம். என்ன செய்தாலும் நிமிர்த்திப்போட்டுச் செய்யுங்கோ. அவிழுங்கோ. மேசையில கிடத்தி, அடிப்பக்கத்தில கன்னத்தை ஒட்ட வைச்சு, ஒரு கண்ணை மூடித் தண்டை நோட்டம் பாருங்கோ. எங்கட அப்பர் வள்ளத்துக்குப் பலகை பாக்கிறவர், அப்பிடி. பாத்தபடி ஒவ்வொரு கம்பியாய்த் தட்டுங்கோ. தண்டுக்குக் குறுக்கால கிடக்கிற பித்தளைக் கட்டைகளுக்கு மேல எங்க கூட எழும்பித் துடிக்குது எண்டு கண்ணுக்குத் தெரியும். இடைவெளி எல்லா இடமும் ஒரே சீராய் வருமட்டும் கால் கால் சுத்தாய் முறுக்குங்கோ. இதுக்குக் காது தேவையில்லை.

செய்து முடிச்சிட்டு என்னட்ட வாங்கோ. கிற்றாரோடயோ தனியவோ, எப்பிடியெண்டாலும் வாங்கோ. படலையை மட்டும் திறவுங்கோ அக்கா.

அம்புறோஸ்

---

யேசு மரி சூசை

நெடுந்தீவு,
06.04.1979

அன்பிற்குரிய தம்பிக்கு,

உமக்கும் கிறேசுக்கும் குழந்தைக்கும் சமாதானம். அவசரமாக எழுதுகிறேன். எழுத்தின் அழகின்மையைப் பொறுத்துக்கொள்ளும்.

நீர் எழுதியவாறு செய்தேன். ஒரு பொருளைக் கோணலாகத் திருப்பி அனுப்புவது என் கைவேலைக்கு இழுக்கு என்பதால் மட்டுமே செய்தேன். சாக்கை அவிழ்த்து, மேசையில் கிடத்தி, அடிமரத்தில் கன்னத்தை ஊன்றி, ஒரு கண்ணை மூடித் தடித்த கம்பியைத் தட்டினேன்.

கேட்டது.

ஒலிபெருக்கியும் பற்றறியும் இல்லாமல், வெறும் பலகை என்று நீர் சிரித்தீரே, அந்தப் பலகையிலிருந்து கேட்டது. காது வழியாக வரவில்லை. கன்ன எலும்பு வழியாக, என் குரல் எனக்குக் கேட்கும் அதே வழியாக வந்தது. கன்னத்தை எடுத்தேன்: ஒன்றுமில்லை. வைத்தேன்: வீடு நிறைய ஒலித்தது. யாழ்ப்பாணத்து வைத்தியர் ஒருவர் முன்பு இரும்புக் கவையொன்றைத் தட்டி என் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தபோதும் இவ்வாறே கேட்டது. உள்ளே ஒரு சிறு எலும்பு இறுகிவிட்டதென்று அவர் எழுதிக் காட்டினார். வெட்கத்தினால் அதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை.

பின்பு பல்லை வைத்துப் பார்த்தேன். இன்னும் துலக்கம். அப்படியே கொம்பைக் கடித்துக்கொண்டு கம்பிகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தபோது யாரோ தோளில் தட்டினார்கள். றோசம்மா! படலை பூட்டியிருந்ததால் வேலியால் ஏறி வந்திருக்கிறாள். காதருகே வந்து கத்தினாள்:

"ஐயோ அக்கா, பசியெண்டால் சொல்லக்கூடாதே! அதுக்காகக் கிற்றாரைத் தின்னுறதே?"

"எதுக்கு வந்தனீ?" என்றேன்.

"மூண்டாம் பாட்டில நடுவில தடம் மாறுது. சொல்லித் தாங்கோ. வேற ஆருக்கும் தெரியாது."

அவள் இரு காதுகளையும் பஞ்சால் அடைத்து, கொம்பைக் கடிக்கச் சொல்லிக் கம்பியைத் தட்டினேன். கண்கள் பிதுங்கிவிட்டன.

"அம்மோய்! மண்டைக்குள்ள ஆரோ வாசிக்கினம்!"

பிறகு தரையில் சப்பணமிட்டு இருந்தாள். நான் எண்ணியிருந்ததைவிட அவள் நேர்மையானவள். விட்டுக்கொடுக்கவில்லை. பேரம் பேசினாள்.

"முதற்பாட்டை நீங்கள் எடுங்கோ. பிழைச்சால் அதிலயே நான் வந்து வாங்கிப்போடுவன். கோவிக்கக்கூடாது."

"வாத்தியம் ஏலாதே" என்றேன். பெரிய வியாழன் பூசையில் மணி ஓய்ந்தபின், உயிர்ப்பு வரைக்கும் கோயிலில் மரக்கட்டை தவிர வேறெதுவும் ஒலிக்கக்கூடாது என்ற முறைமை உமக்குத் தெரியும். ஆர்மோனியத்துக்கும் பூட்டு.

இருவரும் சுவாமியாரிடம் போனோம். அவர்கள் பேசியதை றோசம்மா பின்னர் எனக்குக் கத்திச் சொன்னாள். "கிற்றார் வாத்தியமெல்லோ பிள்ளை?" என்று அவர் கேட்டாராம். "கறன்ற் இல்லாட்டி அது வாத்தியமில்லைச் சுவாமி, விறகு" என்றாளாம் இவள். சுவாமியார் சிரித்ததை நான் கண்டேன். சம்மதித்தாரா என்று அவளைக் கேட்டேன். "மறுக்கேல்லை" என்றாள்.

ஆர்மோனியத்தின் பெட்டியில் கன்னத்தை வைத்து, அதன் சுருதிக்கே என் கம்பிகளைச் சேர்த்துவிட்டேன். தண்டு நேராகிவிட்டது. கம்பிகள் தாழ்ந்து, விரலுக்கு இதமாக இருக்கின்றன. இனிக் குறை சொல்ல எனக்குக் கிற்றார் இல்லை. பிழைத்தால் அது என் பிழை மட்டுமே.

ஒன்று மட்டும் என்னை நடுங்கவைக்கிறது. என் கம்பி எனக்குக் கேட்கும். என் குரல் கேட்கும். அவர்கள் பாடுவது கேட்காது. வாத்தியத் துணையில்லாமற் பாடும் கூட்டம் எங்கும் நழுவிப்போகலாம். நானோ பழைய சுருதியில் தனியே நிற்பேன், அன்று நின்றதுபோல். இரண்டாம் தடவை அந்த அவமானத்தைச் சுமந்து இத்தீவில் என்னால் வாழ ஏலாது. வேண்டிக்கொள்ளுங்கள்.

அல்போன்சம்மா

---

யேசு மரி சூசை

நெடுந்தீவு,
16.04.1979

அன்பிற்குரிய தம்பி அம்புறோசுக்கும் கிறேசுக்கும்,

உயிர்த்த ஆண்டவரின் மகிழ்ச்சி உங்கள் வீட்டில் நிறைவதாக. குழந்தைக்கு எத்தனை பற்கள்? மேல்மாடிப் பெரியவருக்கு என் வணக்கத்தைச் சொல்லி, இம்மடலுடன் வரும் பனங்கட்டிக் குட்டானைக் கொடும்.

பெரிய வெள்ளி பிற்பகல் கோயில் நிறைந்து, வெளியே மதிலடி வரைக்கும் சனம் நின்றது. நான் பாடகர் முன்னால் கதிரையில் அமர்ந்து, கிற்றாரை மடியில் நிமிர்த்தி, மேற்கொம்பில் கன்ன எலும்பை ஊன்றினேன். அதன் தலை என் தோளுக்கு மேலாக எழுந்து நின்றது. கூனிக் குறுகி, ஒரு மரத்துண்டில் முகத்தைச் சாய்த்துக்கொண்டு ஒரு கிழவிபோல் சபையின் முன் இருக்க நேர்ந்ததே என்று என் மனம் பட்ட பாட்டைக் கர்த்தர் மட்டுமே அறிவார். மரக்கட்டை அடிக்கப்படுவதைக் கண்ணால் கண்டேன். கம்பியைத் தட்டினேன். எனக்கன்றி எவருக்கும் கேட்காத அந்தச் சுரத்தைப் பிடித்து, முதலடி எடுத்தேன்.

அவர்களுடைய வாய்கள் திறந்தன. மூடின. மறுபடி நான். மறுபடி அவர்கள். இரண்டாம் சரணத்தில் முன்வரிசைப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தோனியம்மாவின் புருவம் சுருங்கிற்று. ஏதோ நழுவிவிட்டது. எது, எந்தப் பக்கம், எவ்வளவு, ஒன்றும் தெரியவில்லை. கம்பியை மீண்டும் தட்டினேன். அது தன் சுருதியில்தான் இருந்தது. அப்படியானால் நான் தனித்துவிட்டேன். என் குரல் என் தலைக்குள் முழங்க, அதைச் சுற்றி வாய்கள் சத்தமின்றி அசைந்தன. நிறுத்திவிட எண்ணினேன்.

அப்பொழுது றோசம்மா வரிசையை விட்டு என்னை நோக்கி வந்தாள். பேரம் பேரந்தானே. பாட்டை வாங்கிப் போக வருகிறாள் என்று அறிந்தேன். கிற்றாரை மடியிலிருந்து இறக்கப்போனேன். அவள் என் கையைப் பிடித்து அமர்த்தினாள். எனக்குப் பின்னால் நின்று, சபை முழுவதும் பார்த்திருக்க, குனிந்து, கிற்றாரின் தலையில் தன் பல்லைப் பதித்துப் பாடினாள்.

தம்பி, ஒரு மனுஷியின் குரல். கத்தல் அன்று, பாட்டு. மரம் வழியாக, தண்டு வழியாக, என் கன்னத்தினூடாக வந்தது. பற்களுக்கிடையே சொற்கள் நசுங்கியிருந்தன, ஆனால் சுரம் நசுங்கவில்லை. அவள் பின்னால் நின்ற அத்தனை பேரும் எந்தச் சுருதியில் நிற்கிறார்கள் என்பதை அந்த ஒரு குரலில் அறிந்துகொண்டேன். கண்ணீர் கம்பியில் விழுந்தது. துடைக்க எனக்கு நேரம் இருக்கவில்லை.

அரைச் சுரம் இறங்கியிருந்தாள். விரலை உயர்த்தி, ஏற்றச் சொன்னேன்.

அல்போன்சம்மா